எந்தக் கிணற்றுக்குத் திரும்புவது?
தீவக மலர்களும் மு. தளையசிங்கமும்

யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் ஊர்ச்சங்க மலர்கள் சில, நண்பர் ஒருவர் மூலம் பாகூருக்கு வந்து சேர்ந்தன. வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று ஊருக்கு ஒன்று. டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் அச்சானவை. ஒரு வாரமாக அவற்றோடுதான் இருந்தேன். பனங்கூடல், ஒடியல் கூழ், குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நின்றது, செத்தவீட்டுக்கு ஊரே திரண்டது. எல்லா மலரும் வந்து முடிகிற இடம் ஒன்றுதான்: அந்த ஒற்றுமை போச்சு, அதை மீட்டாக வேண்டும்.

இந்த ஏக்கத்தை ‘பூர்ஷ்வா மனநிலை’ என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டுப் போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1990–91இல் ராணுவம் தீவுகளைப் பிடித்தபோது கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய சனங்கள் இவர்கள். வீட்டுக்குக் கூரை இல்லை, பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை. நினைவு ஒன்றுதான் மிச்சமிருக்கிற சொத்து. ஆனால் சொத்து என்று வந்துவிட்டால் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்காமல் முடியாது.

மலர்கள் பனையைப் பற்றி நிறையப் பேசுகின்றன, தண்ணியைப் பற்றிப் பேசுவதில்லை. தீவில் ஆறு கிடையாது. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் உப்புத்தண்ணிக்கு மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் நல்ல தண்ணிக் கிணறு என்பது அங்கே எண்ணிச் சொல்லக்கூடிய பொருள். அதில் யார் வாளி விடலாம், யார் குடத்தோடு தள்ளி நின்று யாராவது ஊற்றுவார்களா என்று பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் சாதியின் அன்றாட இலக்கணம். கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார். தீண்டாமைக்கு எதிராக இலங்கையில் 1957இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கிணறு திறக்கவில்லை.

செத்தவீட்டையே எடுத்துக்கொள்வோம். ஊரே திரண்டது என்கிறார்கள். பறை அடித்தவர், சவரம் செய்தவர், வெள்ளை கட்டியவர் எல்லோரும் ‘குடிமை’ என்ற பெயரில் வந்தார்கள். வராமல் இருக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? அந்த உரிமை இல்லாத இடத்தில் வருகையை ஒற்றுமை என்று சொல்வது எழுதுகிறவரின் வசதி.

1971இல் புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் மு. தளையசிங்கம் இறங்கினார். அவர் அந்த ஊர்க்காரர். போலீஸ் அடித்தது, சிறையில் போட்டது. 1973இல், நாற்பதைக்கூட எட்டாமல் செத்துப்போனார். மலர்கள் பொற்காலம் என்று கொண்டாடும் அறுபது எழுபதுகளுக்கு நட்டநடுவில்தான் இந்த 1971 இருக்கிறது. பொற்காலம் எப்போதும் ஒரு தலைமுறை பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் ஆங்கிலக் கிராமங்களைப் பற்றி எழுதிய நூலில் காட்டினார். புங்குடுதீவில் அவ்வளவு பின்னால் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. சொல்கிற காலத்துக்குள்ளேயே கிணறு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

தளையசிங்கத்துக்கு நாமும் நியாயம் செய்யவில்லை. இடதுசாரி விமர்சகர்கள் அவரை ஆன்மீகவாதி என்று ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் அவரைக் கொண்டாடுகிறவர்கள் ‘மெய்யுள்’ பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு, கிணற்றை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக முடித்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே அவருடைய சிந்தனையை அவருடைய உடம்பிலிருந்து பிரிக்கிறார்கள். அவரும் சர்வோதயம் பேசியவர்தான், சமூக அறம் என்று ஒன்றை நம்பியவர்தான். ஆனால் அந்த அறம் பின்னால் எங்கோ தொலைந்து கிடப்பதாக அவர் நினைக்கவில்லை. அவருடைய கதைத் தொகுதியின் பெயரே ‘புதுயுகம் பிறக்கிறது’. பிறக்கப் போவதற்கான வழி கோயில் கிணற்றடி வழியாகப் போனது. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நின்ற இடமும் அதுவே.

இதை ஈழத்துச் சங்கதி என்று தள்ளி வைத்துவிட முடியாது. பாகூர் ஏரிக்கரையிலும் இதே பாட்டு கேட்கிறது. நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. ஊர்ப் பெருமை பேசுகிற மேடையெல்லாம் அது வரும். அந்த மூன்று ஊரிலும் நெல் விளைவித்தவன் பிள்ளை அந்தச் சாலைக்குள் நுழைந்திருப்பானா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. அதற்கப்புறம் குடிமராமத்து. ஊரே கூடி ஏரி வெட்டிய காலம் திரும்ப வேண்டும் என்று ஒருமுறை வீட்டில் நானே உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எங்க ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “ஊரு எங்கடா கூடுச்சு? நாங்க கூடையில மண்ணு சுமந்தோம். அவங்க கரையில நின்னாங்க.” அதன்பிறகு அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் என் கை நிற்கிறது.

ஆகவே ஏக்கம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரை இழந்தவர்கள் ஊரைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆனால் ‘மீட்பு’ என்ற சொல்லாடல், முன்பு யாரிடம் என்ன இருந்ததோ அதை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடும் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. வெளிநாட்டுக் காசில் கோயில் கோபுரம் எழுகிறது. கிணற்றின் வரலாறு எழுதப்படாமலே கிடக்கிறது.

மலர் போடுகிற நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மலரில் உங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுதுங்கள். எதில் யார் அள்ளினார்கள், யார் தடுத்தார்கள், 1971இல் தளையசிங்கத்தோடு அடி வாங்கிய மற்றவர்கள் யார்? அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் சிலர் உங்கள் நகரங்களிலேயே இருக்கக்கூடும். முதல் கட்டுரையை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.