மீப்பாய்மமும் மாசின்மை பற்றிய மாயையும்

அறிவியலும் மொழியின் வாயிலாகவே பேசுகின்றது. எனவே அதன் சொற்களையும் உருவகங்களையும் ஆராய்வது திறனாய்வாளரின் பணிக்குப் புறம்பானதன்று. மீப்பாய்மம் என்னும் எண்ணக்கருவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 2.17 கெல்வினுக்குக் கீழே திரவ ஈலியம் நுண்ணிய இடுக்குகளூடாகப் பாகுநிலை ஏதுமற்றதுபோலப் பாய்வதை மொஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிஜ்ஜில் அலன், மைசனர் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்து 1938இல் வெளியிட்டனர். அன்றுதொட்டுப் பொதுவாசகருக்கான எழுத்துக்களில் இத்திரவம் உராய்வற்றது, குறையற்றது என்றே பெரிதும் வருணிக்கப்பட்டு வருகின்றது. குறிப்பிட்ட நிலைமைகளில் வெளிப்பட்ட பண்பொன்று அந்நிலைமைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, பொருளின் நிரந்தர சாரமாக உயர்த்தப்படுகின்றது. கருத்துமுதல்வாதம் அறிவியல் எழுத்தினுள் நுழையும் வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

தீசா 1938இல் முன்வைத்த இருபாய்ம எண்ணக்கருவுக்கு லந்தாவ் 1941இல் வேறோர் அடிப்படை அளித்தார். ஈலியத்தில் சாதாரணக் கூறு, மீப்பாய்மக் கூறு எனக் குறிக்கப்படுபவை இருவேறு பொருட்களல்ல, இருவகை இயக்கங்களே என அவர் தெளிவுறுத்தினார். ஆயினும் மீப்பாய்மக் கூறு சுழலாது என்றே அவரது கோட்பாடு கொண்டது. அவ்வாறாயின், சுழலும் பாத்திரத்தில் ஈலியத்தின் மேற்பரப்பு ஏனைய திரவங்களினதைவிடக் குறைவாகவே குழிதல் வேண்டும். 1950இல் ஒஸ்போண் நடத்திய பரிசோதனையில் அது வழமையான அளவுக்கே குழிந்தது.

ஒன்சாகர் 1949இலும் பெயின்மன் 1955இலும் தந்த விளக்கம் இம்முரண்பாட்டைத் தீர்த்தது. சுழற்சி மெல்லிய சுழிக்கோடுகளில் குவிந்துள்ளது. ஒவ்வொரு கோட்டின் அகடும் ஏறத்தாழ ஓர் அணுவின் அளவினது. அதனைச் சூழ்ந்த சுற்றோட்டம், பிளாங்கின் மாறிலியை ஈலிய அணுவின் திணிவால் வகுத்துப் பெறும் அளவினது. கொந்தளிப்பின்போது இக்கோடுகள் சிக்குண்ட நூல்போலாகி, ஒன்றையொன்று வெட்டி மீளப் பிணைகின்றன. அவற்றின் வழியே அலைகளும் ஓடுகின்றன.

அன்று கண்ணாற் காணவியலாதிருந்த இக்கோடுகளைப் பற்றிச் சான்று பகர்ந்ததும் ஓர் அலையே. சாதாரண ஒலியில் அடர்த்தி அலைவதைப் போன்று, 'இரண்டாம் ஒலி'யில் வெப்பநிலை அலைகின்றது. இரு கூறுகளும் எதிரெதிராக அசைகின்றன. பெஷ்கோவ் 1944இல் இதனைப் பரிசோதனையிற் கண்டார். 1.4 கெல்வினில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 19 மீற்றர். சுழலும் ஈலியத்தில் அச்சுக்குக் குறுக்காகச் செல்லும் இரண்டாம் ஒலி பெரிதும் நலிவதையும், அச்சின் வழியே செல்வது அவ்வாறு நலியாமையையும் ஹோல், வினென் ஆகியோர் 1956இல் காட்டினர். சுழிக்கோடுகள் அச்சுக்கு இணையாக நிற்பதே இதற்குக் காரணம். 1957இல் வினென், வெப்ப ஓட்டம் தோற்றுவிக்கும் கொந்தளிப்பினூடே இவ்வலையைச் செலுத்தி, அதன் நலிவிலிருந்து கோடுகளின் அடர்த்தியை அறிய வழி கண்டார். அலையை நலியச்செய்வது, சுழிக்கோடுகளுக்கும் சாதாரணக் கூறுக்கும் இடையிலான உராய்வாகும். உராய்வற்றதெனப் போற்றப்பட்ட திரவத்தின் உள்ளமைப்பை உராய்வே அறியத்தந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் 'முரண்பாடு', 'அளவு மாற்றம் பண்பு மாற்றமாதல்' ஆகிய சூத்திரங்களைப் பொறித்துவிட்டு அமைதியடையும் போக்கு நம்மிடையே உண்டு. சுழிக்கோட்டின் இயக்கத்தை அறியாமல் இடப்படும் இயக்கவியல் முத்திரை எதனையும் விளக்குவதில்லை. எந்நிலைமையில், எத்தகைய செய்முறையினூடாக அறிவு பிறந்தது என வினவுவதே பொருள்முதல்வாதத் திறனாய்வின் கடமையாகும்.

அக்கடமை நம் பக்கத்து வரலாற்றுக்கும் பொருந்தும். லந்தாவ் 1938 ஏப்ரலில் சோவியத் அரசினால் கைதுசெய்யப்பட்டு ஓராண்டு சிறையிலிருந்தார். கபிட்சா பொறுப்பேற்று உறுதியளித்த பின்னரே 1939இல் விடுவிக்கப்பட்டார். இதனை ஒதுக்கிவிட்டு, 1941ஆம் ஆண்டின் கோட்பாட்டைச் சோவியத் விஞ்ஞானத்தின் வெற்றியாக மாத்திரம் எழுதுவோர், பிறர் திரவத்துக்கு அளித்த மாசின்மையை வரலாற்றுக்கு அளிக்கின்றனர். உராய்வுகளை மறைத்து எழுதப்படும் வரலாறு எவரது பெயரால் எழுதப்படினும் கருத்துமுதல்வாதமே.