பெட்டியில் வரும் பள்ளி

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பம் யோசிக்கத் தொடங்கியதும் முதலில் கைக்கு வந்து சேர்வது அமெரிக்கப் பாடத்திட்டங்கள்தான். சபையில் யாராவது சொல்வார்கள், அல்லது வெளிநாட்டு உறவினர் பழைய புத்தகக் கட்டொன்றை அனுப்பிவைப்பார். ஏ.சி.இ., அபெகா, பாப் ஜோன்ஸ், சன்லைட் என்று பெயர்கள் வரிசைகட்டும். பெரும்பாலானவற்றில் ஒரு வருஷத்துக்கு வேண்டிய பாடநூல், பயிற்சிநூல், விடைநூல், தேர்வுத்தாள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும், ஊடே வேதவசனங்களும் உண்டு. அந்தப் பெட்டியைக் கோலார் தங்க வயலில் ஒரு தொழிலாளர் லைன் வீட்டுத் தரையில் வைத்துப் பிரித்தால் எது உதவும், எது உதவாது?

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் இப்போது ஒரு சினிமாப் பெயர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள்முதல் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இங்கே பூமிக்கடியில் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு பிழைப்பு பெங்களூருக்கு இடம்மாறிவிட்டது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் பிடித்து இருட்டியபின் வீடு திரும்பும் அப்பா, பல வீடுகளில் அம்மாவும் அப்படியே. பகலில் வீட்டில் இருப்பவர் பாட்டி. வீட்டுக் கல்விக் கையேடுகள் எத்தனையோ விஷயம் பேசுகின்றன. காலை பத்து மணிக்குப் பிள்ளையோடு உட்காரப்போவது யார் என்று மட்டும் கேட்பதில்லை. பதில் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கின்றன: சம்பாதிக்கும் கணவன், ஆங்கிலம் படித்த, வீட்டில் இருக்கும் மனைவி. இந்த ஊரில் எந்தப் பாடப்பொருளையும் சோதித்துப் பார்க்க அந்தக் கேள்வியைவிட நல்ல உரைகல் கிடையாது.

ஏ.சி.இ.க்கு இந்தக் கேள்வி முற்றிலும் புதிதல்ல என்பதைச் சொல்லியாகவேண்டும். 1970-ல் டெக்சாஸில் டொனால்ட் ஹோவர்ட், எஸ்தர் ஹோவர்ட் தம்பதியர் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வகுப்புக்கு ஒரு தடித்த பாடநூல் என்பது கிடையாது. ஒரு பாடத்துக்கு வருஷத்தில் 12 மெல்லிய கையேடுகள். சேரும்போதே ஒரு சோதனைத் தேர்வு வைத்து எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறார்கள். ஒரே பிள்ளை கணக்கில் மூன்றாம் வகுப்பிலும் ஆங்கிலத்தில் ஐந்தாம் வகுப்பிலும் இருக்கலாம். இன்றைக்கு எத்தனை பக்கம் என்று பிள்ளையே குறித்துக்கொள்கிறது. முடித்ததும் விடைநூலைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது. கடைசித் தேர்வில் 80 சதவீதம் எடுக்காமல் அடுத்த கையேடு கிடையாது.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கழித்தல் வராத பிள்ளையை வகுத்தலுக்கும், வகுத்தல் வராத பிள்ளையைப் பின்னத்துக்கும் தள்ளிக்கொண்டேபோய், எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன்னால் நிறுத்திவிட்டு ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று சொல்லிவிடுகிற பள்ளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தேறாமல் நகராதே என்ற ஒரு விதியே பெரிய ஆறுதல். பள்ளி மாறி, மொழி மாறி, நடுவில் ஒரு கொரோனாக் காலத்தையும் கடந்து வந்த பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே உதவும்.

ஆனால் கையேடுகளைத் தொடர்ந்து புரட்டினால் ஒரு சலிப்பு தட்டும். கேள்விகளில் பெரும்பகுதி கோடிட்ட இடத்தை நிரப்புவது, விடையோ மேலே உள்ள பத்தியில் அதே சொல்லாகவே கிடக்கும். பிள்ளை சீக்கிரத்தில் கற்றுக்கொள்வது பாடத்தையல்ல, சொல்லைத் தேடிப்பிடிக்கும் வித்தையை. ஏன் என்று கேட்க இடமுமில்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளுமில்லை. பெரியவர் இல்லாத வீட்டில் விடைநூலும் பிள்ளையின் கையில்தானே இருக்கிறது? பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்பது பேரனுக்கு நன்றாகவே தெரியும்.

அறிவியல் கையேடுகளுக்கு வந்தால் குறை இன்னும் ஆழமானது. ஏ.சி.இ., அபெகா, பாப் ஜோன்ஸ் மூன்றுமே பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டவை. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்கைப் பரிணாமத்துக்கு எதிரான சாட்சியாக ஏ.சி.இ. உயிரியல் கையேடு ஒன்று முன்வைத்து உலகம் சிரித்த கதை பத்திரிகைகளில் வந்ததுதான். அதை ஒரு பதிப்பின் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது நம் காலடியில் இருக்கிறது. கோலார் பாறைப் பட்டைக்கு வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகள். பக்கத்தில் பெத்தபள்ளியில் எரிமலை வெடித்துச் சிதறிய துண்டுகள் இறுகிய பாறை திறந்தவெளியில் கிடக்கிறது, இந்தியப் புவியியல் ஆய்வகம் அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இந்த ஊரின் தங்கமே அந்தப் பழமையின் விளைவு. தாத்தா மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டிய பாறையைப் பற்றிப் பேரனுக்குப் பொய் சொல்லும் அறிவியல் நூல் எத்தனை வசனங்களை அச்சிட்டிருந்தாலும் என்ன?

விசுவாசத்துக்கு இது அவசியமா என்றால், இல்லை. பூமிக்கு ஆறாயிரம் வயது என்று நம்பச்சொல்லிக் கத்தோலிக்கத் திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-ல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால். தமிழ்க் கிறிஸ்தவ மரபோ இதைவிடத் தைரியமானது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கோபர்நிகஸின் வானியலுக்கு இடம் கொடுத்தார், அதுவும் குறத்தி ஆடிப்பாடும் ஒரு பக்தி இலக்கியத்துக்குள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், ‘கெமிஸ்தம்’ உள்ளிட்ட நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். வேதத்தை நேசித்தவர்கள் அறிவியலைக் கண்டு ஒளிந்துகொள்ளவில்லை. டெக்சாஸ் கையேட்டின் அச்சத்தை நாம் ஏன் டாலர் கொடுத்து இறக்குமதி செய்யவேண்டும்?

அடுத்தது நம்மவர்கள் அதிகம் பேசாத விஷயம். ஏ.சி.இ. கையேடுகளின் படக்கதைகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் நெடுங்காலம் தனித்தனிப் பள்ளிகளில்தான் படித்தார்கள், ஒரே பாடத்திட்டத்தை, ஒரே கர்த்தரைத் துதித்தபடி. பாப் ஜோன்ஸ் நூல்கள் பிறந்த பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. இனம் கடந்து காதலிப்பதற்கு அங்கிருந்த தடை நீங்கியது 2000-ல்தான். அந்தத் தடைக்காகவே வரிவிலக்கை இழந்து 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. இன்றைய பதிப்புகள் மாறியிருக்கலாம் என்பது நியாயமான பதில்தான். ஆனாலும் துரைகளின் பங்களாவுக்கும் கூலி லைனுக்கும் நடுவே கோடு கிழித்து வாழ்ந்த ஊர் இது. சேரியிலிருந்து கிளம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவரவர் ஊரில் அவரவர் பள்ளி என்ற படத்தைக் கேள்வி கேட்காமல் பார்த்துவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வாங்குவதென்றால் படக்கதைகளையும் வரலாற்றுப் பாடங்களையும் பெற்றோர் முதலில் வாசித்துவிட வேண்டும்.

விலையைப் பற்றி நீட்டவேண்டியதில்லை: முழு ஆண்டுப் பெட்டிகள் பல நூறு டாலர்கள், அனுப்பும் செலவு தனி. உள்ளடக்கமும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கானது: கணக்கில் டைம், நிக்கல் நாணயங்கள். வெப்பம் ஃபாரன்ஹீட்டில். நவம்பரில் நன்றி நாள் வான்கோழி.

மாறான ஒரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறை அது. சிறுபிள்ளைகளுக்குக் கால்மணி, இருபது நிமிஷப் பாடங்கள், பயிற்சிநூலுக்குப் பதில் நல்ல நூல்கள், வாசித்ததை உடனே தன் சொல்லில் திருப்பிச் சொல்வது, வெளியே போய்ப் பார்த்ததை வரைந்துவைக்க ஓர் இயற்கைக் குறிப்பேடு. இதைப் பின்பற்றி ‘ஆம்பிள்சைட் ஆன்லைன்’ என்ற பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் நூல்பட்டியலை அப்படியே எடுத்தால் 1905-ல் வெளிவந்த ‘அவர் ஐலண்ட் ஸ்டோரி’ என்ற இங்கிலாந்து வரலாற்றைப் படிக்கவேண்டிவரும். ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பேரைச் சுமந்துகொண்டு அந்த இங்கிலாந்துக்காகத் தங்கம் வெட்டிக்கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு ‘நம் தீவின் கதை’! பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த முறைதான் பாட்டி சோதனையில் தேறுகிறது. திருப்பிச் சொல்வதைக் கேட்க ஆங்கிலம் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ‘அப்புறம் என்னடா ஆச்சு?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். பேரன் தமிழில் சொல்வான். எங்கே தடுமாறுகிறான், எங்கே கதை விடுகிறான் என்று எந்த விடைநூலைவிடவும் பாட்டி சீக்கிரமாகக் கண்டுபிடித்துவிடுவாள். சண்டே ஸ்கூலிலும் குடும்ப ஜெபத்திலும் வேதக் கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகிய வீடுகளுக்கு இது புது வித்தையே இல்லை. கணக்குக்கு மட்டும் இது செல்லாது. அங்கே ஏ.சி.இ.யின் படிப்படி ஒழுங்குதான் தேவை, ஆனால் அந்த ஒழுங்கை எந்தப் பாடநூலின் மேலும் ஏற்றிவிடலாம். ஓட்டையைக் கண்டுபிடி, அங்கிருந்து தொடங்கு, தேறாமல் நகராதே. இதற்குக் காப்புரிமை கிடையாது.

எந்தப் பாடநூல் என்றால், கர்நாடக அரசே தமிழ்வழி மாணவர்களுக்கான நூல்களைக் கணினிப் பிரதியாக இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டின் நூல்களும் அப்படியே கிடைக்கின்றன, படங்களும் அச்சும் அவற்றில் பளிச்சென்று இருக்கின்றன. கதை வாசிக்க பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே கதையைப் பக்கம்பக்கமாக வைத்துப் படிக்கக்கூடியவை பல. விசுவாசப் பாடத்துக்குச் சபையின் சண்டே ஸ்கூல் நூலும், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிப் (வி.பி.எஸ்.) பாட்டுகளும், வீட்டிலிருக்கும் வேதாகமமும் உண்டு. கணக்கிலும் இலக்கணத்திலும் பக்கத்துக்கொரு வசனம் ஒட்டுவதால் கணக்கு கிறிஸ்தவக் கணக்காகிவிடாது.

இந்த ஊரின் சொந்தப் பாடங்களைச் சேர்த்தால்தான் கணக்கு முடியும். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ல் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது இயற்பியல் பாடம். பாலாற்று நீரைத் தேக்கிக் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி புவியியல். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து கோடைக்காற்றில் பறந்துவரும் தூசி வேதியியலும் சுகாதாரமும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவி வைத்து 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். உலகில் முதலில் அதைப் பதிவுசெய்தவர்களில் அவர்களும் அடக்கம். எந்தப் பெட்டியிலும் இது வராது. பாடப்பொருளைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வதும் இங்கே புதிதல்ல. சாம்பியன் ரீஃபில் தமிழ்ப் பௌத்தர்கள் சித்தார்த்த புத்தகசாலை என்று வைத்து பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பினார்கள். தொழிலாளர் லைன்களில் அந்தப் புத்தகங்கள் வாசிக்கப்பட்டன. மதம் வேறானாலும் உழைத்த சனம் ஒன்றுதான்.

உள்ளூர் வழியும் குறையில்லாததல்ல. அரசுப் பாடநூல் வகுப்பில் ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது, தனியாகப் படிக்கும் பிள்ளைக்குப் பல இடங்களில் படி தாண்டிக் குதிக்கும். ஒருவர் உட்கார்ந்து வாரத் திட்டம் போடவேண்டும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்த ஒருவர் களைத்துப்போயிருப்பார். பள்ளியில் ஆசிரியரிடம் அடிவாங்கும் பிள்ளைகள் உண்டு என்பது போலவே, கூட்டாளி இல்லாமல் வாடும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் ஒரே பெஞ்சில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பெறுவதைச் சபை நண்பர்களை மட்டும் வைத்து ஈடுகட்ட முடியாது. பக்திக்காக வீட்டுக் கல்வியைத் தேர்ந்தவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் மழுப்புகிறார்கள்.

சட்டம் இன்னும் மங்கல். 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை சொல்லவில்லை, வீட்டுக் கல்வி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதனால் கடைசியில் சான்றிதழுக்கு நிற்கவேண்டிய வாசல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான். அமெரிக்கப் பெட்டியை முடித்தவருக்கும் இங்கே வேலைக்கும் கல்லூரிக்கும் இந்த வாசல் தேவைப்படலாம் என்பதைப் பெட்டி வாங்கும் நாளிலேயே கணக்கில் எடுக்கவேண்டும். பத்தாம் வகுப்பு நிலைக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்களை ஐந்து வருஷத்துக்குள், ஒன்பது வாய்ப்புகளில், ஒன்றிரண்டாக எழுதி முடிக்கலாம். தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும்.

அங்கே மொழிப்பாடமாகத் தமிழும் எடுக்கலாம், கன்னடமும் எடுக்கலாம். வீட்டில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குக் கன்னடம் ரயிலில் காதில் விழும் மொழியாக மட்டும் நின்றுவிடும் ஆபத்து பெரிது. கர்நாடக அரசு வேலையை எட்டிப்பார்க்க நினைத்தால் அது கதவையே சாத்திவிடும். எனவே எந்தப் பெட்டியைப் பிரித்தாலும், பிரிக்காவிட்டாலும், பிள்ளையின் எட்டு வயதுக்குள் ஒரு கன்னட ஆசிரியைக்கு மாதச் சம்பளம் எடுத்துவைப்பது இந்த ஊர்ப் பெற்றோரின் முதல் செலவாக இருக்கவேண்டும். டாலரில் பார்த்தால் அது அந்தப் பெட்டியின் அனுப்பும் கூலியைவிட அதிகமிருக்காது.