உறங்கும் பூனையின் காட்சி: டேவிட் ஹியூபெலின் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

தமிழிலே பார்த்தல் வேறு, காண்டல் வேறு. கண் திறந்திருப்போர் யாவரும் பார்க்கின்றனர். பார்த்தும் காணாது போவோர் பலர். இவ்வேறுபாட்டை மனத்திருத்திக்கொண்டு, டேவிட் ஹியூபெல் 1988ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘கண், மூளை, பார்வை’ என்னும் நூலை அணுகுபவருக்கு அந்நூலின் பெருமையும் அதன் எல்லையும் ஒருங்கே புலப்படும். பத்து அத்தியாயங்களைக் கொண்ட இந்நூல் விஞ்ஞானம் பயிலாத வாசகரையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டது. மூளையின் நரம்புக்கலங்கள் தம்முள் எவ்வாறு தொடுக்கப்பட்டுள்ளன, அத்தொடுப்பிலிருந்து காட்சி எவ்வாறு பிறக்கின்றது என்பதே இதன் பொருள். ஹியூபெலும் அவருடைய சகபாடியான தோர்ஸ்ரன் வீசலும் 1981ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நொபெல் பரிசில் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டவர்கள்; மறுபாதி ரோஜர் ஸ்பெரிக்குச் சென்றது. ஆகவே இது ஒரு துறையைப் பற்றி வெளியேயிருந்து எழுதப்பட்ட நூலன்று. அத்துறையைக் கட்டியவருள் ஒருவர் தாம் கட்டிய வீட்டைத் தாமே சுற்றிக்காட்டும் நூலாகும். வீட்டுக்காரர் காட்டும்போது சில அறைகளுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் விழுதல் இயல்பே.

வெளிச்சம் மிகுந்த அறையை முதலிற் காண்போம். 1958இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஸ்ரீபன் குப்ளரின் ஆய்வுகூடத்திலே இவ்விருவரும் ஒன்றுசேர்ந்தனர். குப்ளர் 1953இலேயே ஒரு முக்கிய உண்மையை நிறுவியிருந்தார். பூனையின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கலம் ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டப் பரப்பைக் காவல் செய்கின்றது. அவ்வட்டத்தின் நடுவில் ஒளி விழுந்தால் ஒருவிதமாகவும், சுற்றோரத்தில் விழுந்தால் அதற்கு எதிர்மாறாகவும் அது இயங்குகின்றது. வட்டம் முழுவதும் ஒரே சீராக ஒளி பரவினால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்க, கலம் ஏறக்குறைய வாளாவிருக்கின்றது. இதன் பொருள் யாதெனில், கண் மூளைக்கு உரைப்பது முதன்மையாக ஒளியின் அளவையன்று, ஒளியின் வேறுபாட்டையே என்பதாம். மனித விழித்திரையில் ஒளியேற்கும் கலங்கள் சுமார் 12.5 கோடி, அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நார்களோ சுமார் 10 இலட்சம். இத்துணைப் பெரும் சுருக்கம் கண்ணிலேயே நிகழ்ந்துவிடுகின்றது.

அடுத்த கேள்வி, மூளையின் பின்புறத்திலுள்ள மேற்பட்டையிலே என்ன நடக்கின்றது என்பது. ஹியூபெலும் வீசலும் பூனையின் மேற்பட்டையில் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, கண்முன் ஒளிப்புள்ளிகளையும் கரும்புள்ளிகளையும் காட்டினர். கலங்கள் அசைந்து கொடுக்கவில்லை. ஒருநாள், கரும்புள்ளி ஒட்டப்பட்ட கண்ணாடித் தகட்டை மாற்றிச் செருகும்போது ஒரு கலம் திடீரெனப் படபடவென்று முழங்கலாயிற்று. புள்ளிக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பது சிறிது நேரத்தின் பின்னரே தெரிந்தது. தகட்டின் விளிம்பு விழித்திரையின் மீது வீழ்த்திய மெல்லிய நிழற்கோடு நகர்ந்தபோதே அக்கலம் விழித்துக்கொண்டது. அதுவும் அக்கோடு ஒரு குறித்த சாய்வில் இருந்தபோது மாத்திரமே. இச்சம்பவத்தை ஹியூபெல் தற்பெருமையின்றிக் கூறுகின்றார். தற்செயல் எனினும், அது பல மணி நேரம் ஒரே கலத்தோடு மல்லாடியவர்களுக்கு வாய்த்த தற்செயல்.

இதன் மேல் எழுந்ததே புகழ்பெற்ற ஏணிக் கோட்பாடு. தலமசிலிருந்து வரும் வட்டப் புலமுடைய கலங்கள் பல, ஒரு நேர்கோட்டில் அமைந்து ஒரே மேற்பட்டைக் கலத்துக்குச் செய்தி அனுப்புமாயின், அக்கலம் அந்தக் கோட்டின் சாய்வையே விரும்பும் ‘எளிய கலம்’ ஆகும். எளிய கலங்கள் பல ஒன்றின்மேற் கூடினால், கோடு சிறிது இடம் பெயர்ந்தாலும் அதனை இனங்காணும் ‘சிக்கற் கலம்’ உண்டாகும். 1962இல் முன்வைக்கப்பட்ட இக்கருத்து அன்று ஓர் ஊகமே. எளிய கலத்தைப் பற்றிய பகுதிக்கு, முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பரிசோதனைகள் வலுவான ஆதரவளித்தன. கடதாசியில் வரைந்த ஒரு தொடுப்பு இவ்வாறு பின்னர் மெய்யெனப் பெருமளவு உறுதிப்படுதல் உடற்றொழிலியலில் அடிக்கடி நிகழ்வதன்று. குரங்கின் மேற்பட்டையில் மின்வாயை 0.05 மில்லிமீற்றர் பக்கவாட்டாக நகர்த்துந்தோறும் விருப்பச் சாய்வு ஏறத்தாழ 10 பாகை திரும்புகின்றது என்னும் ஒழுங்கையும் அவர்கள் கண்டனர். ஐந்தாம் ஆறாம் அத்தியாயங்களில் இது விரித்துரைக்கப்படும் முறை, நுண்ணிய நெசவொன்றை விரித்துக் காட்டுவது போன்றது. இப்பகுதியில் குறைகாண்பது வீண்முயற்சி.

குறை தொடங்குவது ஏணி எங்கே போய் முடிகின்றது என்று கேட்கும்போது. புள்ளியிலிருந்து கோடு, கோட்டிலிருந்து மூலை, மூலையிலிருந்து வடிவம் என்று படிப்படியாக ஏறினால், உச்சியில் ஒருவருடைய பாட்டியை மாத்திரம் இனங்காணும் ஒரு தனிக்கலம் இருக்கவேண்டுமோ? ஜெரோம் லெற்வின் இதனைப் ‘பாட்டிக் கலம்’ என்று நகையாடினார். ஹோரஸ் பார்லோ 1972இல் ஒற்றைக் கலங்களின் இயக்கத்தைக்கொண்டே புலனுணர்வை விளக்கலாம் என்னும் கொள்கையைத் துணிந்து வகுத்தார். ஹியூபெல் அத்துணைத் தூரம் செல்பவரல்லர். மேற்பட்டையிலிருந்து தலமசுக்கு மீண்டுவரும் நார்கள் உண்டென்பதும் அவர் அறிந்ததே. ஆயினும் நூலின் கதையோட்டம் கண்ணிலிருந்து மேல்நோக்கி மாத்திரமே செல்கின்றது. மீள்வழி நார்கள் கதையிலே பாத்திரங்களாக இடம்பெறவில்லை. வாசகர் மனத்திற் பதிவது, செய்தி கீழிருந்து மேலே செல்லும் ஓர் அஞ்சற் கந்தோரின் படமே.

இப்படம் ஏன் இவ்வாறு அமைந்தது? விடை ஆய்வுமுறையிலேயே உள்ளது எனலாம். 1959ஆம் ஆண்டின் கட்டுரையிற் கூறப்படும் பூனைகள் மயக்கமருந்து கொடுக்கப்பட்டவை. கண் அசையாதிருக்கும் பொருட்டு அவற்றின் தசைகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன. எதனையும் தேடாத, எதனையும் அஞ்சாத, கண்ணைத் திருப்பவும் இயலாத ஒரு விலங்கின் மூளையிலே கோடுகள் எழுப்பிய அதிர்வுகளே நமக்குக் ‘காட்சி’யாக விளக்கப்படுகின்றன. நீதியாகச் சொல்வதாயின், 1969இல் ரொபேட் வூட்ஸ் விழித்திருக்கும் குரங்குகளில் முதற் காட்சிப் பரப்பை ஆராய்ந்தபோது, கலங்களின் இயல்பு பெரும்பாலும் முன்னர் கூறப்பட்டவாறே இருந்தது. எனவே மயக்கமருந்து பொய்யான எதனையும் காட்டிவிடவில்லை. அது மறைத்தது எது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை, நூல் வெளிவந்து சில ஆண்டுகளின் பின்னர் நெதர்லாந்திலிருந்து வந்தது. விக்டர் லாம்மே, ஒரே சாய்வுள்ள சிறு கோடுகளால் நிறைந்த திரையொன்றில், வேறு சாய்வுள்ள கோடுகளால் ஆகிய ஒரு சதுரத்தை விழித்திருக்கும் குரங்குகளுக்குக் காட்டினார். கலமொன்றின் சிறு புலத்தினுள் விழும் கோடுகள் இரு தடவையும் ஒரேவிதமானவையே. ஆனால் ஒரு தடவை அவை சதுரத்துக்கு உரியன, மறுதடவை பின்னணிக்கு உரியன. தொடக்கத்திற் கலம் இரண்டையும் ஒன்றாகவே மதித்தது. ஒரு விநாடியின் சிறு பின்னம் கழிந்ததும், சதுரத்துக்கு உரியவையாயின் அதன் முழக்கம் உயர்ந்தது. தன் புலத்துக்கு வெளியே இருப்பதைக் கலம் எவ்வாறு அறிந்தது? அயற்கலங்களிலிருந்தும் மேற்படிகளிலிருந்தும் மீண்டுவரும் செய்தியாலேயே என்று லாம்மே கருதினார். 1995இல் வெளிவந்த இம்முடிவைத் தொடர்ந்து 1998இல் அவரும் சகபாடிகளும் அதே பரிசோதனையை மயக்கநிலையில் நடாத்தினர். சாய்வை இனங்காணும் திறன் அப்படியே இருந்தது; சதுரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் அந்தப் பிந்திய முழக்கம் மறைந்துவிட்டது.

இவ்விடத்திலே ஏணிக் கோட்பாட்டின் எல்லை துலக்கமாகின்றது. மயங்கிய மூளையில் எஞ்சுவது ஏறுவழியே. ஆகவே ஏறுவழியே காட்சியின் முழுமையெனத் தோன்றிற்று. மெய்யான தொடுப்போ வேறு. 1991இல் பெல்மனும் வான் எசனும் குரங்கின் மேற்பட்டையில் 32 காட்சிப் பரப்புகளையும் அவற்றிடையே 305 இணைப்புவழிகளையும் தொகுத்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை இருவழிப் பாதைகளாகவே காணப்பட்டன. தலமசின் காட்சிப் பகுதியில் செய்தியை மேலே கடத்தும் கலங்கள் பெறும் தொடுப்புகளுள் விழித்திரையிலிருந்து வருபவை பத்திலொரு பங்குக்கு மேற்படா. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மேற்பட்டையிலிருந்து இறங்கி வருவது. எண்ணிக்கை வேறு, வலிமை வேறு என்பதும் உண்மையே. எனினும் இத்துணைப் பெரிய இறங்குவழியை அடிக்குறிப்புப் போலக் கருதும் கோட்பாடு நிறைவானதாகாது. இல்லாத விளிம்பை மனிதர் காணும் கனிஸாவின் முக்கோணப் படம் பலரும் அறிந்தது. 1984இல் வான் டெர் ஹைற் முதலானோர், அத்தகைய இல்லாத விளிம்புக்கும் முழங்கும் கலங்களை இரண்டாம் காட்சிப் பரப்பிற் கண்டனர். ஒளியில் இல்லாததொன்று கீழிருந்து ஏறிவந்திருக்க முடியாது. அதனை மூளையே வருவித்திருத்தல் வேண்டும்.

வியப்பு யாதெனில், இதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம் ஏணிப்படத்தை உள்ளிருந்தே தகர்க்கின்றது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைப் பிறந்த சின்னாட்களில் தைத்து மூடி, மூன்று மாதத்தின் பின்னர் திறந்தபோது, அக்கண் பழுதற்றிருந்தும் மேற்பட்டைக் கலங்கள் ஏறத்தாழ யாவும் மற்றைக் கண்ணுக்கே செவிசாய்த்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடினால் ஒரு தீங்குமில்லை. நான்காம் வாரம் முதல் சில வாரங்களே மிக நெருக்கடியான காலம். அப்போது ஓரிரு நாள் மூடுவதும் வடுவை விட்டுச்செல்லும். பயன்படாமையால் தொடுப்பு வாடிற்று என்று முடிவுகட்டுவது எளிது. அவ்வாறாயின் இரு கண்களையும் மூடினால் தீங்கு இரட்டிப்பாக வேண்டும். ஆனால் இரண்டையும் மூடியபோது, எதிர்பார்த்ததை விடப் பல கலங்கள் இரு கண்களுக்கும் பதிலளித்தன. கண்கள் இரண்டும் மேற்பட்டையில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. போட்டியில் வலியது மெலியதைத் தள்ளிவிடுகின்றது. எதிர்பாராத முடிவொன்றின் முன் தமது கருத்தை மாற்றிக்கொள்ளும் ஆய்வாளரை இங்கே காணலாம். நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவையே.

இதனோடு சேர்த்து வாசிக்கவேண்டியது ஹெல்ட், ஹைன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட பரிசோதனை. இரு பூனைக்குட்டிகள் ஒரு சுழல்தண்டின் இருமுனைகளில். ஒன்று தன் காலால் நடக்கின்றது, மற்றது தொட்டிலில் இருந்து அதனால் இழுபடுகின்றது. இரண்டின் கண்களிலும் விழுந்த காட்சி ஒன்றே. நடந்த குட்டி தரையை நோக்கிக் காலை நீட்டக் கற்றுக்கொண்டது. சுமக்கப்பட்ட குட்டிக்கு அது கைகூடவில்லை. காட்சி உழைப்பின்றி வாய்ப்பதன்று என்பதை இதைவிடச் சுருங்கக் கூறுதல் அரிது. ஏணிப்படத்தில் நடக்கும் குட்டிக்கும் சுமக்கப்படும் குட்டிக்கும் வேறுபாடு காட்ட வழியே இல்லை.

கண் தைக்கப்பட்ட குட்டிகளைப் பற்றி வாசிக்கையில் மனம் கூசுவதும் உண்மை. பிறவியிலேயே கண்புரையுள்ள குழந்தைகளுக்குக் காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்பதற்கான வலுவான ஆதாரம் இவ்வாய்வுகளிலிருந்தே கிடைத்தது. அக்கூச்சத்துக்கு முழு ஆறுதலன்றெனினும், கணக்கிற் சேர்க்கவேண்டிய வரவு அது.

மறுபக்கத்திலிருந்தும் இக்கோட்பாட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. 1980இல் 35ஆம் வயதில் மறைந்த டேவிட் மார், தாம் இறந்தபின் 1982இல் வெளியான நூலிலே, கலங்களை மாத்திரம் ஆராய்ந்து காட்சியை விளங்கிக்கொள்ள முடியாது; காட்சி எந்தக் கணக்கைத் தீர்க்க முயல்கின்றது என்று முதலிற் கேட்கவேண்டும் என வாதித்தார். இவ்வாதம் வலிமையுடையதே. ஆனால் அவருடைய கணக்கும் படத்திலிருந்து பொருளை நோக்கி ஒருவழியாகவே பெரிதும் ஏறுகின்றது. உடம்பும் நடையும் அங்கும் இல்லை. ஏணியின் வெற்றியை இன்று கணனிகளிற் காணலாம். குனிஹிக்கோ புக்குஷிமா 1980இல் எளிய கலம், சிக்கற் கலம் ஆகியவற்றைப் பின்பற்றி அமைத்த வலையமைப்பின் வழித்தோன்றல்கள், 2012இன் பின்னர் படங்களைப் பெயரிடுவதில் பெருஞ்சாதனை புரிந்துள்ளன. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றத்தால் அவை ஒரு பொருளை வேறொன்றாகப் பெயரிடுவதும் தெரிந்ததே.

1974இல் லோறன்ஸ் வைஸ்கிரான்ஸும் சகபாடிகளும் விவரித்த ஒரு நோயாளி, முதற் காட்சிப் பரப்பின் ஒரு பகுதியை இழந்தவர். அப்பக்கத்தில் எதுவும் தெரியவில்லை என்று அவர் உறுதியாகக் கூறினார். ஊகித்துச் சுட்டும்படி கேட்டபோதோ ஒளி இருந்த இடத்தைத் தற்செயலை விஞ்சிய துல்லியத்தோடு சுட்டினார். அவர் பார்த்தார், காணவில்லை. ஹியூபெலின் நூல் விளக்குவது பார்த்தலின் இயந்திரத்தை. காண்டலைப் பற்றி, தம் அறிவு தொடக்கநிலையிலேயே உள்ளதென்று இறுதி அத்தியாயத்தில் அவரே ஒப்புக்கொள்கின்றார். நூலை முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்கும் மாணவர் இவ்வொப்புதலை அடையுமுன்னரே ஏணியில் ஏறி அமர்ந்துவிடுகின்றனர். ஒன்பதாம் அத்தியாயத்தை முதலிற் படித்து, வளரும் பூனைக்குட்டியை மனத்திலே நிறுத்திக்கொண்டு, பின்னர் நான்காம் அத்தியாயத்தின் மயங்கிய பூனையிடம் திரும்புவோர், அங்கு முழங்கிய கலம் எந்நிலையில் முழங்கிற்று என்பதையும் சேர்த்தே வாசிப்பர்.