பெயின்ட் பூசாத பாய்மரம்

நியூ இங்கிலாந்தின் படகுத் துறைகளில் குளிர்காலம் வந்தால் பாய்மரங்களைக் கழற்றிக் கட்டைகள்மேல் கிடத்திவிடுவார்கள். கோடை முழுக்க எட்டாத உயரத்தில் நின்றது இடுப்புயரத்துக்கு இறங்கி வரும். பழைய அலுமினியப் பாய்மரத்தின் அழகைப் பார்க்க அதுதான் நேரம்.

அதன் மங்கிய சாம்பல் நிறம் மேலே பூசியது அல்ல. கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சும்போது அலுமினியமே தன் மேற்பரப்பை ஆக்சைடாக மாற்றிக்கொள்கிறது. இதுதான் அனோடைசிங். தடிமன் 10 முதல் 25 மைக்ரான் வரை; தலைமுடியைவிட மெலிசு. அந்த ஆக்சைடுத் தோல் முழுக்க நுண்துளைகள். கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் முக்கினால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். 1923இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமிலத்தைக் கொண்டு அனோடைசிங்கைச் செய்தார்கள். கடல்விமானங்களை உப்பிலிருந்து காப்பாற்றத்தான்.

இந்தத் தோல் நன்றாயிருக்கும்போது அதன்மேல் பெயின்ட் அடிப்பது எனக்கு ஒப்பாது. சோப்பு நீரில் கழுவி உப்பைப் போக்கி, நல்ல மெழுகைத் தேய்த்தால் போதும். வெயிலில் அது ஒளிராது, மினுங்கும். அந்த அடக்கம் எந்த டப்பாவிலும் கிடைக்காது.

நோய் வருவது பெரும்பாலும் திருகாணிகளைச் சுற்றித்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கைதேர்ந்தவர் ஒவ்வொரு பொருத்தியையும் கழற்றுவார், பொடியைச் சுரண்டுவார், அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்து, புரியில் காப்புப் பசை தடவித்தான் திரும்ப முடுக்குவார். அவர் கை இரும்புக் கம்பி பிரஷ் பக்கம் போகாது. அதன் துகள்கள் புதைந்தால் புது அரிப்புக்கு வித்து.

தோல் தேய்ந்தே போயிருந்தால் வேறு வழியில்லை, பெயின்ட்தான். உப்புத்தாளால் தேய்த்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். நீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருக்கிறது. எங்கும் அறுபடாமல் படர்ந்தால் சுத்தம். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கணம் அது. பிறகு அவசரம்தான்: காற்றுப் பட்டதுமே புது ஆக்சைடு கட்டத் தொடங்கிவிடும். உலர்ந்த சில மணி நேரத்துக்குள் எப்பாக்ஸி ப்ரைமர் ஏற வேண்டும், அதன்மேல் பாலியூரிதேன்.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் நல்ல கைவினைஞர் பாய்மரத்தின் அடிமுனையைப் பார்த்திருப்பார். மழைநீர் உள்ளே வழிந்து தேங்குவது அங்கேதான். வடிகால் துளை அடைபட்டிருந்தால் மேலே எத்தனை பூச்சு ஏற்றியும் உள்ளிருந்து அரித்துவிடும். டப்பாவைத் திறக்குமுன் அவர் அந்தத் துளையில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார்.