1489 சிசி: புதுப்பேட்டையும் பஞ்சிகாவத்தையும்

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் விடுமுறை நாளில் வெளியே வரும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் தமிழருக்குச் சிரிப்பு வரலாம். உள்ளே இருப்பது நம் அம்பாசிடர் எஞ்சின்! பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ், 1489 சிசி, 73 மில்லிமீட்டர் போர், 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரோடு எம்.ஜி.ஏ.வில் அது 72 குதிரைத்திறன் தந்தது. அம்பாசிடரில் ஏறக்குறைய 50. 1955 முதல் 1962 வரை 1,01,081 எம்.ஜி.ஏ.க்கள் செய்யப்பட்டன. பிரிட்டனில் விற்றவை 5,869 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. இதே எஞ்சின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களில் ஏறி இலங்கைக்கும் போனது.

எஞ்சின் ஒன்றுதான். அதை இறக்கிப் பிரித்து மறுபடி கட்டும் முறை மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

இந்தியாவில் பாகத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. உத்தர்பாராவில் அம்பாசிடர் 2014 வரை வெளிவந்தது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பாகம், புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாகம். அதனால் நம் மெக்கானிக்கின் கை மாற்றிப் போடுவதில் பழகியது. போர் தேய்ந்ததா, ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன். அதுவும் எல்லை தாண்டியதா, ஸ்லீவ். கிராங்கை அரைத்து அதற்கேற்ற அண்டர்சைஸ் மெட்டல். கணக்கு எளிது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நான்கு பிஸ்டனையும் தராசில் வைத்து எடை சமன் பார்ப்பவர் குறைவு. டாக்ஸி ஓட்டத்துக்கு அப்படிக் கட்டினாலே போதும். மூன்றே மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்கை 5,500 சுற்றுக்கு விரட்டினால் போதாது. நம் ரீபோர்க்காரர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை, அவசரத்தில்தான் ஐயம்.

இலங்கையின் கதை நேர் எதிர். 1970-77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பதே பிழைப்பானது. 1977-க்குப் பின் ஜப்பானிய வண்டிகளும் எஞ்சின்களும் வந்து கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளை நிரப்பின. பழைய எஞ்சினைக் கட்டுவதா, கழற்றிவிட்டு ஜப்பானியதைப் பொருத்துவதா என்ற கேள்வி அங்கே கராஜ் வாசலிலேயே எழுந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோது பழசைக் காப்பாற்றும் வேலைக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தெரிவுகூட இருக்கவில்லை. 1990-க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் பெட்ரோல் தடை, உதிரிப்பாகம் தடை. கராஜ்காரர்கள் கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது வெறும் சாமர்த்தியம் அல்ல. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு. அமுக்க விகிதம் கூடிய எஞ்சின் என்றால் தட்டித் தட்டியே பிஸ்டனை உடைத்துவிடும். புதுக்கார்கள் படுத்துவிட, ஐம்பதுகளின் ஒஸ்ரினும் மொறிஸும் ஓடியது அதனால்தான். விலையும் இருந்தது: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், ரிங்கும் போரும் தேயும். தேய்ந்ததைத் தூக்கிப் போட முடியாத இடத்தில், ஒரு பாகம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று எடைபோடும் கண் வளர்ந்தது. இந்திய முறையில் எனக்குக் குறையாகத் தெரிவது அந்தக் கண் இல்லாததுதான்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1948-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மாஸ் மோட்டார்ஸின் விலைப்பட்டியலைப் புரட்டினால் கேஸ்கட் முதல் பிஸ்டன் வரை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கலிஃபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு மாடல்களுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் புகைப் பரிசோதனையும் கிடையாது. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ உண்மையில் தேட வேண்டியது பழைய வார்ப்பிரும்பு ஹெட்டைப் பொறுமையாகக் கையாளும் மெஷின் ஷாப்பை. ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1996-இலும், இந்தியாவில் 2000-இலும், இலங்கையில் 2002-இலும் ஒழிந்தது. ஈயமில்லாமல் ஓடினால் அந்த ஹெட்டின் வால்வு சீட் உள்வாங்கும். ஆகவே கடினப்படுத்திய சீட் இறக்கும் வேலை மூன்று நாட்டுக்கும் பொது.

எம்.ஜி.ஏ. ட்வின் கேம் வைத்திருப்பவருக்குப் புதுப்பேட்டையும் உதவாது, பஞ்சிகாவத்தையும் உதவாது. 1588 சிசி, செய்தவை மொத்தம் 2,111 வண்டிகள். அதன் அலுமினிய ஹெட்டுக்கு அம்பாசிடரில் உறவே இல்லை. பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கே பேர்போன எஞ்சின் அது. அமுக்க விகிதம் 9.9, போதாததற்கு, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார்பரேட்டர் அதிர்ந்து கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். கடைசியில் தொழிற்சாலையே விகிதத்தை 8.3-க்கு இறக்கியது. இன்று அதைக் கட்டுபவர்களும் பெரும்பாலும் அந்தக் குறைந்த விகிதப் பிஸ்டனையே போட்டு, கார்பரேட்டரை அதிர்வு தாங்கும் ரப்பர் இணைப்பில் தொங்கவிடுகிறார்கள்.