முதலிடத்தில் தொடங்கிய சரிவு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் 2022 இறுதி ஆட்டத்தில் கான்சஸிடம் 72-69 என்று தோற்ற வட கரோலினா பல்கலைக்கழக அணி, அந்த ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரில் நால்வரோடு அடுத்த பருவத்துக்கு வந்தது. பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் முதலிடம். ரசிகர்களான எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நவம்பரில் அலபாமாவிடம் நான்கு கூடுதல் நேரம் வரை போராடி 103-101 என்று தோற்றதைக்கூட ரசித்தோம். பிறகுதான் உறைத்தது. தொலைவிலிருந்து எறிந்த பந்துகள் வளையத்தில் பட்டுத் திரும்பின; முந்தைய பருவத்தில் அப்படி எறிந்து கூடையில் போட்ட பிராடி மேனெக் போய்விட்டிருந்தார். 20 வெற்றி, 13 தோல்வி. கல்லூரி அணிகளின் மார்ச் மாத என்சிஏஏ போட்டிக்கு அழைப்பே வரவில்லை. 1985-இல் அது 64 அணிகளாக விரிந்தபின், முதலிடத்தில் தொடங்கி இப்படி விடுபட்ட முதல் அணி இதுதான்.

ஆனாலும் அணியில் அர்மாண்டோ பேகாட் இருந்தார். கூடைக்கடியில் இடம்பிடித்து, முதுகால் எதிராளியைத் தள்ளிவைத்து, தவறிய பந்தை எட்டிப் பறிப்பார். அந்தப் பருவத்தில்தான் ரீபவுண்டில் பல்கலைக்கழகச் சாதனையை முறியடித்தார். அதற்காகவே அந்த ஆட்டங்களை மறுபடி பார்க்கலாம்.