குச்சியே சுவர்

நியூயார்க்கின் சல்லிவன் தெருவில், சுமார் நூற்றைம்பது பேர் அமரக்கூடிய சின்ன அரங்கில் 1960-இல் தொடங்கியது ‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ இசைநாடகம். மேடை அமைப்புக்கு 900 டாலர், உடைகளுக்கு 541 டாலர். அவ்வளவுதான்!

கதைக்கோ இரு வீடுகளுக்கு நடுவே சுவர் வேண்டும். பேசாத பாத்திரம் ஒன்று குச்சியை நீட்டிப் பிடித்து நிற்கிறது, அதுதான் சுவர். காதலர்கள் இருபுறமும் நின்று ஏங்க ஏங்க, நம் கண்ணுக்கு அது உயர்ந்துகொண்டே போகிறது. அட்டை வட்டம்தான் நிலா. பக்கவாத்தியம் பியானோவும் ஹார்ப்பும்.

காசு குறைவென்று கற்பனையைக் குறுக்கவில்லையே, அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய மேடையும் நிஜச் சுவரும் கிடைத்திருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது என்றே நம்புகிறேன். 2002 வரை, 17,162 காட்சிகள் ஓடியது.